பால்பார்க் பதினெட்டு டன்

1. ரெஹானா வந்த நாள்

திருச்சி பக்கம் துவாக்குடியில் உள்ள ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எஸ்டிமேஷன் பிரிவில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். டிராயிங்கைப் பார்த்து, எவ்வளவு இரும்பு பிளேட் வேண்டும், செய்து முடித்தால் மொத்த எடை என்ன, எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடுவது என் வேலை. கடைசி நான்கு வருடம் எனக்குப் பக்கத்து மேஜையில் ரெஹானா இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

அவள் சேர்ந்த அன்றே மேனேஜர் கோபாலன் சார் ஒரு டேங்க் ஸ்கெட்ச்சை நீட்டி, "இது எவ்வளவு வெயிட் வரும்?" என்று கேட்டார். அவள் அரை நிமிஷம் பார்த்தாள்.

"பால்பார்க் ஒன்பது டன் சார்."

"வெரி குட்" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே சாரிடம் நான் எத்தனையோ முறை "உத்தேசமா இவ்வளவு வரும் சார்" என்று சொல்லியிருக்கிறேன். "உத்தேசம்லாம் எனக்கு வேண்டாம் சுமதி, சரியா சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். இங்கிலீஷில் சொன்னால் உத்தேசத்துக்கும் மதிப்பு வந்துவிடுகிறது. ஒரே மாதத்தில் சாரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். என் மேஜைக்கு வருவது குறைந்தது.

ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த வார்த்தையை போனில் தேடினேன். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் மைதானத்துக்குப் பெயர் பால்பார்க். பந்து எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாவிட்டாலும் மைதானத்துக்குள்தான் கிடக்கிறது என்று சொல்ல முடியும் அல்லவா, அந்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சரியான கணக்கு என்று ஒரு விளக்கம். மைதானத்துக்கு வந்த கூட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வதிலிருந்து வந்தது என்று இன்னொரு விளக்கம். எது சரி என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. வெறும் விளையாட்டு வார்த்தை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

2. மண்ணச்சநல்லூர் சைலோ

மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் செல்வராஜ், நெல் கொட்டி வைக்க ஒரு பெரிய இரும்பு சைலோவுக்கு ஆர்டர் கொடுத்தார். தரையில் வைத்துப் பாகங்களை வெல்டிங் செய்து, முழுசாக கிரேனில் தூக்கித் தூண்கள்மேல் உட்கார வைக்க வேண்டும். கிரேன் அவர் பொறுப்பு.

"எத்தனை டன்னுனு சொன்னீங்கன்னா கிரேன் பேசிருவேங்க" என்றார்.

ரெஹானா சொன்னாள்: "பால்பார்க் பதினெட்டு டன் சார். கால் பங்கு முன்னே பின்னே போகும். ஃபைனல் வெயிட் சுமதி மேடம் தருவாங்க. அது வந்தப்புறம் கிரேன் பேசுங்க."

அவர் காதில் பதினெட்டு மட்டும்தான் விழுந்தது. அந்த எடைக்கே கிரேன் பேசிவிட்டார்.

பிறகு அவள் வேறு வேலையாகச் சென்னை கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், ஃபைனல் வெயிட் ரெடியாச்சா?"

"இன்னும் செக் பண்ணணும்."

"வந்ததும் செல்வராஜ் சாருக்கு ஒரு போன் போட்டுடுங்க மேடம்."

"சரி" என்றேன்.

கணக்கு அப்போதே என் டிராயரில் இருந்தது. இருபத்திரண்டு டன். நான் போன் செய்யவில்லை. எடை மிஞ்சினால் அடிக்க கிரேனில் அலாரம் இருக்கிறது, ஆபரேட்டர் நிறுத்திவிடுவார், யாருக்கும் ஒன்றும் ஆகாது, அவள் சொன்ன எண் மட்டும் சந்தி சிரிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்கு நாள் அப்படியே கழிந்தது.

சைலோ தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் அலாரம் அடித்தது. ஆபரேட்டர் இறக்கி வைத்துவிட்டு, "இதை என்னால தூக்க முடியாதுங்க" என்று இறங்கிவிட்டார். அது ஆடாமல் இருக்க அடியில் இழுகயிறு பிடித்து நின்ற நாலு பேரும் சிதறி ஓடினார்கள் என்று சைட்டிலிருந்து போனில் சொன்னார்கள். நான் போட்ட எந்தக் கணக்கிலும் அந்த நாலு பேர் இல்லை.

3. சாரின் அறையில்

மறுநாள் எங்கள் இருவரையும் சார் கூப்பிட்டார்.

"பால்பார்க் பால்பார்க்னு சொன்னியேம்மா, அப்படின்னா என்னதான் அர்த்தம்?" என்று ரெஹானாவிடம் கத்தினார்.

"மைதானத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம் சார். பந்தைப் போய் எடுத்தாத்தான் சரியான இடம் தெரியும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன்.

"சார், ஃபைனல் வெயிட் நாலு நாளா என்கிட்ட இருந்துச்சு. போன் பண்ணச் சொல்லிட்டுத்தான் ரெஹானா போனாங்க. நான்தான் பண்ணலை. இருபத்திரண்டு டன். அவங்க சொன்ன கால் பங்குக்குள்ளதான் வருது."

சார் எனக்கு மெமோ கொடுத்தார். அடுத்த வாரம் பெரிய கிரேன் வந்து சைலோ ஏறியது.

வெளியே வந்ததும் ரெஹானா கேட்டாள்: "ஏன் மேடம் ஒரு போன் போடலை?"

"பொறாமைம்மா."

அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு வேலை விஷயம் தவிர என்னிடம் பேசியதே இல்லை. நான் ரிட்டயர் ஆன அன்று எல்லோரோடும் வந்து கைகொடுத்தாள், அவ்வளவுதான். அது அவள் உரிமை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். சரியான எண் கையில் வந்ததும், ஆபீஸில் உங்களுக்கு யாரைக் கண்டால் ஆகவில்லையோ அவர் போடச் சொன்ன போனை முதலில் போடுங்கள். மற்றவர்கள் சொன்னதை எப்படியும் செய்துவிடுவீர்கள்.