இரண்டு கையெழுத்து

அப்பாவின் நிலத்தை விற்றபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது, அண்ணனுக்கு ஐம்பத்தாறு. விழுப்புரம் பக்கம் கெடாரில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த அந்த நிலம் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. அண்ணனுக்கு ஊரிலேயே வேறு நிலமும் சொந்த வீடும் உண்டு. நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். கணவர் பிரிந்துபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மூன்றாவது வீட்டுக்காரரும் காலி செய்யச் சொன்னபோதுதான் அண்ணன் முடிவெடுத்தார்.

"பாப்பா, நெலத்த குடுத்துட்டு உனக்கு ஒரு வீடு வாங்கிடலாம். இப்டியே சட்டி பானைய தூக்கிக்கினு எத்தினி நாளைக்கு அலைவ? எனக்கு இருக்கறது போதும்."

வீடும் சீக்கிரமே அமைந்தது. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் இரண்டே அறைகள், முன்னால் ஒரு முருங்கை மரம். ஆனால் பத்திரம் வீட்டை விற்பவருடைய மகன் பெயரில் இருந்தது. அவன் வெளிநாட்டிலிருந்து வர ஒரு வருடம் ஆகும் என்றார்கள். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். மீதிப் பணத்தை அந்த ஒரு வருடம் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் மாதாமாதம் கொழுத்த வட்டி தருகிற ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னார். அண்ணன் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன் ஏற்கனவே ஒருமுறை அப்படிப் போட்டுத் தொலைத்தவர். வங்கியிலேயே போடுவது என்று முடிவு செய்து, நான் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விழுப்புரம் போனேன்; அண்ணனும் கெடாரிலிருந்து வந்துவிட்டார்.

வங்கியில் இருந்த அதிகாரியம்மா பொறுமைசாலி. என் வயதுதான் இருக்கும். எங்கள் தேவையை முழுதாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்:

"இப்போ வட்டி ஏறிட்டு வருது. மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டா ஒரு வருஷத்துக்குப் பூட்ட வேண்டாம். மூணா பிரிங்க. ஒண்ணு மூணு மாசத்துக்கு, ஒண்ணு ஆறு மாசத்துக்கு, ஒண்ணு ஒரு வருஷத்துக்கு. முதல்ல முடியறத அப்போ இருக்கற புது வட்டிக்கு மறுபடி போட்டுக்கலாம். அவசரம்னா கையிலயும் கொஞ்சம் இருக்கும்."

நான் பலகையைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு எழுதியிருந்த வட்டி ஒரு வருடத்துக்கு இருந்ததைவிட மிகவும் குறைவு. பதிவுச் செலவை அந்த வட்டியில்தான் சமாளிக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். "வேணாம் மேடம், மொத்தமும் ஒரு வருஷத்துக்கே போடுங்க" என்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அவ படிச்சவ, அவ சொல்ற மாதிரியே செய்யுங்க" என்றார்.

அடுத்து, யார் கையெழுத்தில் பணம் எடுக்கலாம் என்று கேட்டார்கள். ஒருவர் போட்டால் போதும் என்றும் வைக்கலாம், இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்றும் வைக்கலாம்.

"ரெண்டு பேரும் போடணும்னு வைங்க" என்றார் அண்ணன். "என் ஒரு கையெழுத்துல வர்ற மாதிரி இருந்தா, எவனாவது வந்து அழுதான்னா எடுத்து குடுத்துடுவேன். என்னைப் பத்தி எனக்கு தெரியும்."

அதிகாரியம்மா, "ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா சிரமம் ஆயிடுமே" என்றார். அண்ணன் தன் தோளைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயல் வேலை செய்து இறுகிய உடம்பு அது. எனக்கு அந்த ஏற்பாடு நிம்மதியாகக்கூட இருந்தது. இந்த நிலத்தை விற்கும்வரை, இத்தனை வருடத்தில் என்னை யாரும் எதற்கும் கையெழுத்து கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து வட்டி நன்றாகவே ஏறியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். வட்டி ஏறப்போகிறது என்று தெரிந்தும் முந்திக்கொண்டு போட்டுவிட்டோமே என்று தோன்றும். கடைசியில் அண்ணனை அழைத்துக்கொண்டு போய், அபராதம் போனாலும் போகட்டும் என்று டெபாசிட்டை உடைத்துப் புது வட்டிக்கு மறுபடி ஒரு வருடத்துக்குப் போட்டேன். மகன் வருவது இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்று வீட்டை விற்பவரும் சொல்லியிருந்தார். "எப்போ போட்டாலும் அடுத்த மாசம் ஏறலாம்மா, இதுக்கு முடிவே கிடையாது" என்றார் அதிகாரியம்மா. இப்போதும் பிரித்துப் போடலாம் என்று நினைவூட்டினார். நான்தான் கேட்கவில்லை. கையெழுத்து ஏற்பாடும் அப்படியே இருந்தது.

அதிலிருந்து ஐந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அண்ணி போன் செய்தார். நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"உங்க அண்ணன் மோட்டார் போடப் போனவரு கீழ வுழுந்துட்டாரும்மா. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு போவுது. பேச்சு வரல. நீ ஜல்தியா வா."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பேருந்தில் நின்றுகொண்டே போனேன். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைப்பு என்றார் மருத்துவர். வலக் கையும் காலும் விழுந்துவிட்டன, நினைவும் தப்பியிருந்தது. அரசு காப்பீட்டு அட்டை செலவில் ஒரு பங்கைத் தாங்கியது. மீதிக்கு அண்ணியின் வளையலும் என் சங்கிலியும் அடகுக்குப் போயின. நான்காம் நாள் அவையும் தீர்ந்தன. அண்ணனுடைய நிலமும் வீடும் அவர் பெயரில் இருந்ததால் அவற்றை அடகு வைக்கவும் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

வங்கிக்குப் போனேன். அதே அதிகாரியம்மாதான். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேலாளரிடம் அழைத்துப் போனார்.

"டெபாசிட்டை உடைக்க ரெண்டு கையெழுத்தும் வேணும்மா" என்றார் மேலாளர்.

"அதும் பேர்ல கடனாவது குடுங்க சார்."

"அதுக்கும் ரெண்டும் வேணும். அவருக்கு நினைவு திரும்பட்டும். கையெழுத்து வேண்டாம், விரல் ரேகை போதும். நாங்க ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பறோம். ஆனா அவர் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு சம்மதிக்கணும். டாக்டரும் எழுதித் தரணும்."

யாரும் என்னை விரட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். கடுமையாகப் பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. அண்ணனும் நானும் கேட்டு வாங்கிய பூட்டு அது. வெளியே வந்து படியில் நின்றபோது, மூன்று மாதத்துக்குப் போட்டிருந்தால், ஒரு பங்காவது என் பெயரில் தனியாகப் போட்டிருந்தால் என்று மனம் அதையே அரைத்தது. அந்த வித்தியாச வட்டியைக் கூட்டிப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் செலவுக்குக்கூட அது காணாது.

அண்ணி ஊரில் வாங்கிய கைமாற்றில் நாள்களை ஓட்டினோம். ஒன்பதாம் நாள் அண்ணன் கண்ணைத் திறந்து ஆட்களை அடையாளம் கண்டார். பேச்சு வரவில்லை, ஆனால் சொல்வது எல்லாம் புரிகிறது என்றார் மருத்துவர். "முதல் மூணு மாசம்தான் முக்கியம். பாண்டிச்சேரியில பயிற்சி குடுக்கற இடம் இருக்கு, தங்கி எடுத்துக்கிட்டா கை கால் ஓரளவு திரும்பும்" என்று எழுதியும் கொடுத்தார். ஆகும் தொகையைக் கேட்டு அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார். டெபாசிட்டில் ஏறக்குறைய பாதி. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பணம் இருக்கிறது, எடுத்தால் ஆயிற்று.

மறுநாள் அதிகாரியம்மா மை டப்பாவும் படிவங்களுமாக வந்தார். மருத்துவரும் நின்றார். அதிகாரியம்மா கட்டில் அருகில் குனிந்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார்.

"ஐயா, உங்க டெபாசிட்டை உடைச்சு உங்க வைத்தியத்துக்கு எடுக்கணும்னு தங்கச்சி கேக்கறாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் மறுபடி சொன்னார். அண்ணன் மறுபடியும் ஆட்டினார். விரல் நீட்டச் சொன்னபோது, வேலை செய்கிற அந்த ஒரே கையையும், கட்டை விரலை உள்ளே வைத்து இறுக மூடிக்கொண்டார்.

"அண்ணா, அது என் பணமும்தானே! வீடு எங்க ஓடிடப்போவுது? நீ எழுந்து வந்தா போதும்ணா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்த கை அது, ஆனாலும் என்னால் முடியவில்லை. அதிகாரியம்மா என் தோளைத் தொட்டார்.

"வேண்டாம்மா. பிடிச்சு வெச்ச ரேகையை நான் எடுத்துட்டுப் போக முடியாது."

அண்ணி அழவில்லை. "அவரு ஒண்ணு நெனச்சாருன்னா அவ்ளோதான். நான் முப்பது வருசமா பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

அடுத்த பதினைந்து நாளில் அதிகாரியம்மா இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதே மூடிய கை. பாண்டிச்சேரிக்குப் போகவில்லை. அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள், ஆனால் கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஒதுக்க இருந்த நேரம் கொஞ்சம். பிறகு கெடாரில் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நான் சனி, ஞாயிறுகளில் போய் வருவேன். மூன்று மாதம் அப்படியே கழிந்தது. ஒவ்வொரு வாரமும் போகும்போது நாள்களை எண்ணுவேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

டெபாசிட் முடிந்த அன்று அண்ணன் ஆட்டோவில் வங்கிக்கு வந்தார். அண்ணியும் நானும் இருபுறமும் தாங்கிக்கொண்டோம். அவராகவே இடக் கையை நீட்டி மையில் விரலைத் தோய்த்து ரேகை வைத்தார். அந்தப் பணத்திலிருந்து அவர் வைத்தியத்துக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கலாம் என்று கேட்டேன். என் கையிலிருந்த வீட்டு ஒப்பந்தத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த வாரம் பத்திரம் பதிவாயிற்று.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறேன். தினமும் திண்டிவனம் போய் வருகிறேன். சம்பளத்தில் ஒரு பகுதி, கெடாருக்கு வந்து அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கிறவருக்குப் போகிறது. முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்று அவர் முதல் நாளே சொன்னார். அண்ணன் கோலூன்றிப் பத்தடி நடக்கிறார். வலக் கை மடங்கியபடியே இருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணி அவரை இங்கே அழைத்து வருவார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அவர் சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், என்னைப் பார்த்து ஏதோ சொல்வார். ஒரே ஒரு ஓசைதான் வரும். வீடு நன்றாக இருக்கிறது என்கிறாரா, வேறு எதையாவது கேட்கிறாரா என்று எனக்கு விளங்குவதில்லை. ஆமாம்ணா என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.