அழித்தது அவர் விரல் அல்ல

ஜெஸ்மின் ராத்தாவின் இணையத்தளத்தை அழித்தது ஜெஸ்மின் ராத்தா அல்ல. அது அழிவதற்குக் காரணம் நான். அழிந்த பிறகு, "நீங்கதான் அழிச்சிட்டீங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான்தான்.

மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள், வழியில் கண்டாலும் அடையாளம் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது... பாருங்கள், ஒப்புக்கொள்ளும்போதும் பாதுகாப்பான இடம் பார்த்துத்தான் ஒப்புக்கொள்கிறேன்! எப்படிப்பட்ட பிறவி நான்?

கல்முனையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் என் அறை. சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். வருகிற எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒப்பிப்பேன். தளம் என்பது உங்கள் கடை. ஹோஸ்டிங் என்பது அந்தக் கடை நிற்கிற வளவு, காணி. வளவுக்காரன் யாரென்று பார்க்காமல் கடை கட்டாதீர்கள். நாளாந்தம் நகல் எடுக்கிறானா என்று கேளுங்கள். அந்த நகலை வேறோர் இடத்தில் வைக்கிறானா என்றும் கேளுங்கள். கோளாறு வந்தால் தொலைபேசியைத் தூக்குவானா? இதற்கெல்லாம் மழுப்புகிறவனிடம் போகவே போகாதீர்கள்...

எவ்வளவு அழகாகப் பேசுவேன் தெரியுமா! இன்றைக்கும் பேசுகிறேன். பேசி முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் போலிருக்கும்.

ஜெஸ்மின் ராத்தா நற்பிட்டிமுனைக்காரர். எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் ராத்தா என்போம், மற்றபடி அவர் எனக்கு உறவு இல்லை. பெண்கள் உடுப்புக்கு மேல் போடுகிற அபாயா அங்கியை வீட்டில் வைத்துத் தைப்பவர். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிற நம்மூர்ப் பெண்கள்கூட அவரிடம்தான் தைப்பிப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற அளவுகளில் யாருடைய தோள் யாருடையது என்று குழம்பிப் போகிறது என்றுதான் என்னிடம் வந்தார். ஓடர், அளவு, துணியின் நிறம், விலாசம் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும் என்றார்.

வரும்போதே ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று ஹோஸ்டிங் நிறுவனங்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். மகள் தேடிக் கொடுத்தாளாம்.

"தம்பி, இதுல எது நல்லம்? எனக்கு இது ஒண்டும் விளங்காது. நீங்க செல்லுறதுதான்" என்றார்.

அந்த மூன்றில் இரண்டாவது பெயர் நல்ல இடம். நாளாந்த நகல், இரவு பகல் ஆள், எல்லாம் அங்கே உண்டு. நானே பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மூன்று பெயரையும் பேனாவால் வெட்டினேன். கீழே நாலாவதாக ஒரு பெயரை எழுதினேன்.

நிப்ராஸ்.

நிப்ராஸ் அட்டாளைச்சேனைக்காரன். ஒரேயொரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஹோஸ்டிங் என்று விற்றுக்கொண்டிருந்தான். அதைவிட முக்கியமான விசயம், என் தங்கச்சிக்கு அவனைத்தான் அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வரப்போகிறவரின் மனம் கோணக்கூடாதென்று, கலியாணப் பேச்சுக்கால் தொடங்கிய நாளிலிருந்தே பெண் வீட்டில் ஒரு குழைவு வந்துவிடும். மாப்பிள்ளைக்குப் புடவைக்கடை இருந்தால் பெருநாள் உடுப்பெல்லாம் அங்கேதான். ஹார்ட்வெயார் கடை என்றால் வீட்டுக்கு ஆணி வாங்குவதும் அங்கேதான். நிப்ராஸ் விற்றதோ ஹோஸ்டிங்!

"மாப்பிள்ளைட யாவாரத்துக்கு ஒரு கை குடுக்க ஏலாதா மகன்? ஒங்கிட்ட எத்தின பேர் வாறாங்க" என்று உம்மா சொன்னா. உம்மாவுக்கு சேர்வரும் தெரியாது, நகலும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

ஆம், தெரியும்! அதற்கு இரண்டு மாதம் முன்னால் சவளக்கடை அரிசி ஆலை ஒன்றின் தளம் நிப்ராஸின் சேர்வரிலிருந்து நாலு நாள் காணாமல் போயிருந்தது. அப்போதே அவனிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்.

"பேக்அப் இன்னும் போடல்ல மச்சான். இனித்தான் போடணும். இந்தக் கலியாண அலைச்சல் முடியட்டும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவன் மச்சான் என்று கூப்பிட்டது அவ்வளவு இதமாக இருந்தது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவன், முன்பின் தெரியாத ஒருவனிடம் கறாராகக் கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வியை மாப்பிள்ளையிடம் கேட்கக் கூசி, அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

ஏழு மாதம் தளம் நன்றாகத்தான் ஓடியது. நோன்பு வந்தது. பெருநாளுக்கு உடுக்க அபாயா வேண்டுமென்று ஓடர்கள் வந்து குவிந்தன. ராத்தா இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தைத்தார். அளவெல்லாம் தளத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் கொப்பியில் எழுதுவதையே விட்டுவிட்டார். அப்படி விடச்சொன்னதும் நான்தான்.

நோன்பு இருபத்திமூன்று, பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம். பகல் ளுஹர் தொழுதுவிட்டு அறைக்கு வந்து இருந்தேன். ராத்தாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, தளம் வெள்ளையாக் கிடக்கு. ஒண்டையும் காணல்ல."

உடனே நிப்ராஸுக்கு எடுத்தேன்.

"டிஸ்க் போயிட்டு மச்சான். ஒண்டும் எடுக்க ஏலா. நகல் இல்ல..."

மோட்டார் சைக்கிளில் நற்பிட்டிமுனைக்குப் போனேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்வதென்றுதான் இருந்தேன். நம்புங்கள்... அல்லது நம்பாதீர்கள், நானே இப்போது நம்புவதில்லை. வீட்டு ஹோல் முழுக்க வெட்டிய கறுப்புத் துணி. எது யாருக்கு, கை நீளம் எவ்வளவு, எங்கே அனுப்புவது, ஒன்றும் தெரியாமல் ராத்தா அதன் நடுவில் நின்றார். அவருடைய மாப்பிள்ளை, அதாவது கணவர், கதிரையில் இருந்தார்.

"கடைசியா என்ன செஞ்சீங்க ராத்தா?" என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"பழைய படம் ஒண்டு கிடந்திச்சி தம்பி. காலையில அத அழிச்சன். அவ்வளவுதான்."

அழிச்சன்! அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

"எதை அமத்தினீங்க?"

"சிவப்பா ஒண்டு கிடந்திச்சி..."

"அதோட எல்லாம் போயிட்டு ராத்தா. நீங்கதான் அழிச்சிட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. ஒரு படத்தை அழித்தால் முழுத் தளமும் எப்படிப் போகும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். நான் படித்தவன், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்... தன் வலது கைச் சுட்டுவிரலைத் தூக்கிப் பார்த்தார். துணி வெட்டிக் காய்த்துப்போன விரல்.

"தெரியாத வேலைல ஏன் கை வெக்கிறாய்?" என்றார் கணவர்.

நான் நோன்பாளியாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்கூடப் படாத வாயால் அந்தப் பொய்யைச் சொன்னேன். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கடித்து நோன்பும் திறந்தேன். தூ!

அன்றைக்கு அஸருக்குப் பிறகு, நோன்பு திறப்பதற்கு முன்னால், நிப்ராஸ் என் அறைக்கு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"நான் போய் அந்த ராத்தாட்ட செல்லட்டா மச்சான்? என்ட பிழைதானே. பேக்அப் எடுக்கல்ல எண்டு செல்லிருவம்."

"வேணாம். நான் சமாளிச்சிட்டன். நீங்க வாயத் திறக்காதீங்க."

"பாவம் மச்சான் அந்த மனிசி..."

"கலியாணம் கிட்டுது. சும்மா இருங்க."

தங்கச்சியின் கலியாணத்துக்காகத்தான் செய்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். மாப்பிள்ளையே உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தான்! எந்தக் கலியாணம் குழம்பியிருக்கும்? யார் மனம் கோணியிருக்கும்? எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாலாவது பெயரை எழுதியது நான் என்று வெளியில் தெரிந்துவிடும். மேல்மாடி அறையில் நான் ஒப்பிக்கிற பாடத்தைக் கேட்டு ஊர் சிரிக்கும். என் பெயர் கெடாமலிருக்க ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். வேறு காரணம் கிடையாது.

அவர் பெயர் கெட்டது. அளவைத் திரும்ப அனுப்பியவர்கள் சிலபேர்தான். மற்றவர்களைப் பிடிக்க வழியில்லை. பெருநாள் வந்து போனது. காசை வாங்கிக்கொண்டு உடுப்பு அனுப்பாத ஏமாற்றுக்காரி என்று அவர் படத்தோடு பேஸ்புக்கில் போட்டார்கள். ராத்தா தன் கைக்கு எட்டிய எல்லோருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்பினார். அது சுற்றிச் சுற்றி எனக்கும் வந்தது.

"என்ட கையாலதான் எல்லாம் அழிஞ்சி போச்சு. தளம் செஞ்சி தந்த தம்பில ஒரு பிழையும் இல்ல. அவரக் குறை செல்லாதீங்க."

என்னை யாரும் குறை சொல்லவே இல்லை. கேட்காமலே எனக்கு நற்சான்று கொடுத்திருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி!

இப்போது ராத்தா கல்முனையில் ஒரு கடைக்குக் கூலிக்குத் தைக்கிறார். அவர் தைத்த அபாயாவில் கடையின் பெயர்தான் இருக்கும். கைத்தொலைபேசியில் ஒரு படத்தை அழிப்பதென்றாலும் மகளைக் கூப்பிடுகிறாராம். தங்கச்சியும் நிப்ராஸும் எங்கள் வளவுக்குள்ளேயே நன்றாக இருக்கிறார்கள். அவன் இப்போது ஒழுங்காக நகல் எடுக்கிறான். அந்த விசயம் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறப்பதில்லை. ஒரே பாயில் இருந்து சாப்பிடும்போது சில வேளை அவன் என்னைப் பார்ப்பான். நான் கறிக்கோப்பையை அவன் பக்கம் தள்ளிவிடுவேன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

மக்காவுக்கு உம்றாச் செய்யப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பது, அதாவது மன்னிப்புக் கேட்பது, எங்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ நான் ஒங்களுக்கு ஏதும் செஞ்சிருந்தா பொருத்துக்கங்க என்பார்கள். மனிதனுக்குச் செய்த பிழையை மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அது தீராமல் அங்கே போய் நிற்கக் கூடாது.

போன மாதம் ஜெஸ்மின் ராத்தா மூச்சு வாங்க வாங்க என் அறைக்குப் படியேறி வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தம்பி, உம்றாக்குப் போறன். நீங்க பாடுபட்டுச் செஞ்ச வேலைய நான் ஒரு நிமிசத்துல அழிச்சிப்போட்டன். அத நெனச்சா இன்னும் வெக்கமா இரிக்கு. பொருத்துக்கங்க தம்பி."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை அல்லாஹ் எனக்கு எப்படித் தந்திருக்க முடியும், சொல்லுங்கள்! "ராத்தா, நீங்க அழிக்கல்ல" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயும் திறந்தேன்...

"பொருத்துட்டன் ராத்தா" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பாரம் இறங்கியதுபோல முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் அதோடும் விடவில்லை. பயணம் போகிறவரிடம் எல்லோரும் கேட்பதுபோல நானும் பிரார்த்தனை கேட்டேன்.

"எனக்கும் துஆச் செய்ங்க."

செய்தாராம். திரும்பி வந்ததும் மகளிடம் மக்காவின் ஸம்ஸம் தண்ணீர் கொடுத்தனுப்பி, சொல்லியும் அனுப்பியிருந்தார். கஃபாவுக்கு முன்னால் நின்று, தன் பிள்ளைகளின் பெயருக்கு அடுத்ததாக, என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம்.