ஆளுக்கு எத்தனை நாய்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் டாமியம்மா. அவள் வளர்த்த நாய் டாமி செத்து வெகுகாலம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. லாரி ஓட்டும் அவள் கணவன் வீட்டில் இருக்கும் நாட்களில், "அப்ப டாமியப்பான்னு யாராவது கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கணுமா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவளுக்குக் கோபம் வராது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பெயர் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

டாமி போன துக்கத்தில் இருந்தபோது, வெளியூர் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் நாயை அவளிடம் விட்டுப் போனார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னொருவர் வந்தார், அப்புறம் மற்றொருவர். கொல்லைப்புறத்தில் தகரக் கூரை போட்டு, கம்பிவலை அடித்த அறைகள் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் கணவனின் தங்கை, புருஷனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த புதிதில் அவள் மனிதர்கள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாய்களிடம் மட்டும் பேசினாள். எவ்வளவு முரட்டு நாயானாலும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அடங்கிவிடும்.

எட்டு நாய், இரண்டு பெண்கள். வேலை வண்டி போல ஓடியது.

சாப்பாட்டு விஷயத்தில் டாமியம்மா வெகு கறார். புதிதாக ஒரு நாய் வந்தால் முதலில் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவாள், பிறகு தனியாக ஏறுவாள், கழித்துப் பார்ப்பாள். தூக்க முடியாத நாயின் எடையை உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வாள். சோறு இரண்டு பங்கு என்றால் கறி ஒரு பங்கு, காய் ஒரு பங்கு. பெரிய பானையில் வைத்தாலும் சின்னச் சட்டியில் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. குட்டை நாய்க்கு ஒரு கிண்ணம் போட்டால், அதைப் போல இரண்டு மடங்கு எடையுள்ளதற்கு இரண்டு கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவு. "பெருசுங்களுக்கு உடம்பு அளவுக்குப் பசி எடுக்காது" என்பாள். கிழட்டு நாய்க்கு இன்னும் குறைப்பாள். ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

அவளிடம் இருந்த ஒரே கோளாறு, முடியாது என்று சொல்ல வாய் வராது.

நீண்ட விடுமுறை வந்தது. போன் ஓயவில்லை. "உங்களை விட்டா நம்பி விட வேற யார் இருக்கா?" என்று யாராவது கேட்டால் போதும், அவள் உருகிப்போவாள். பன்னிரண்டானது, பதினாறானது. பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். நல்ல பெண்தான். ஆனால் பெரிய நாயைக் கண்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். அறை கழுவுவாள், பாத்திரம் தேய்ப்பாள், பொமரேனியனைக் கொஞ்சுவாள், அவ்வளவுதான்.

ஒரு மதியம் நாத்தனார் அடுப்பில் பானையைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இனிமே ஒண்ணுகூடச் சேக்காதீங்க."

"ஏன், ஆளைக் கூட்டியாச்சே?"

"நாய் ரெண்டு மடங்காயிடுச்சு. ஆள் ரெண்டு பேர் மூணு பேரானா அது ஒன்றரை மடங்குதான். அதுவும் அந்தப் பொண்ணை முழு ஆளாக் கணக்குல எடுத்தா."

"எட்டு நாய் வந்துச்சு, ஒரு ஆளு வந்துச்சு. ஆளையும் கூட்டத்தானே செஞ்சிருக்கேன்?"

"எவ்வளவு கூடுச்சுன்றது இல்ல அண்ணி. முன்னாடி ஆளுக்கு நாலு. இப்ப ஆளுக்கு அஞ்சுக்கு மேல. இந்தப் பானையில அரிசியை ரெண்டு மடங்கு போட்டுட்டு, கறியை ஒன்றரை மடங்கோட நிறுத்துனா நீங்க விடுவீங்களா?"

டாமியம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் கரண்டியாலேயே தனக்குக் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. சரி என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால், "சோறும் மனுஷனும் ஒண்ணா? இன்னும் ஒரு வாரம்தானே, இழுத்துப் பிடிச்சா ஓடிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நாத்தனார் மறுபடி பானையைக் கிளறினாள். அண்ணன் வீட்டில் இருக்கிறவள் எவ்வளவுதான் பேசுவாள்?

நடை குறைந்தது. காலையில் தெருக்கோடி வரை போய்வந்த நாய்கள் வாசல் வரை போய்த் திரும்பின. ஓடியாட வழியில்லாத மிருகங்கள் வலையைப் பிறாண்டின. ஒன்று குரைத்தால் பதினாறும் குரைத்தன. டாமியம்மாவும் தூக்கமில்லாமல் கண் சிவந்து அலைந்தாள். பழைய வழக்கப்படி ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் தனித்தனியாக வைத்துச் சாப்பாடு கொடுக்க நேரம் போதவில்லை. அறைகளும் போதவில்லை. பெரிய நாய்களை இரண்டிரண்டாகக் கொல்லை முற்றத்தில் விட்டு, கிண்ணங்களைத் தள்ளித்தள்ளி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம், சாப்பாட்டு நேரத்தில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பழைய வாடிக்கைக்காரரான பல் டாக்டர். பின் சீட்டில் புதிதாக வாங்கிய ஒரு பெரிய நாய். "போன்ல சொல்ல நேரமில்லம்மா. நீங்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்" என்றார். டாமியம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மாட்டேன் என்று சொல்லத்தான் போனாள். போனவள் நாயின் எடை எவ்வளவு என்று கேட்டாள். என்ன சாப்பிடும் என்று கேட்டாள்.

கொல்லைப்புறத்தில் இருந்து ஓர் அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு பெரிய நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்து புரண்டன. பூக்கடைப் பெண் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் நடுவில் கைவிட்டுப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள். அவள் வலது கை ஒரு நாயின் வாயில் இருந்தது. டாமியம்மா ஒரு வாளித் தண்ணீரை அப்படியே வீசினாள். பிடி விட்டது. தரையெல்லாம் சோறும் ரத்தமுமாக இருந்தது.

பல் டாக்டர்தான் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பின் சீட்டில் இருந்த நாயை வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாத்தனார், "அந்த நாயை அடிச்சிடாதீங்க அண்ணி. பசி. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

தையல் போட்ட டாக்டர் வெளியே வந்து, விரலை மடக்கும் நரம்பு இரண்டு அறுந்திருப்பதாகச் சொன்னார். "சேத்துருக்கோம். ஆனா பழையபடி மடங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். டாமியம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஆளுக்கு நாலு, ஆளுக்கு அஞ்சு என்று அவள் மனம் திரும்பத் திரும்ப வகுத்துக்கொண்டிருந்தது. தான் வாசலுக்குப் போன அந்த நேரத்தில் முற்றத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணினாள். பயந்த பெண்ணைக் கழித்தால், ஒருத்தி. பதினாறுக்கு ஒருத்தி.

மறுநாள் போனைக் கையில் எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். சிலர் உறவுக்காரர்களை அனுப்பி நாயை அழைத்துக்கொண்டார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். செய்தி தெரிந்து லாரியைப் பாதி வழியில் வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த கணவன், தங்கையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கட்டுப் பிரித்தபின் நாத்தனாரின் இரண்டு விரல்கள் விறைத்தே நின்றன. டாமியம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள், சோறு பிசைந்து கொடுத்தாள். அவளும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். ஆனால் கொல்லைப்புறக் கதவுப் பக்கம் மட்டும் அவள் வரவில்லை. அங்கிருந்து ஒரு குரைப்புக் கேட்டால் தோள் தூக்கிப்போடும்.

ஒரு நாள் அவள் பெட்டியை அடுக்கினாள். ஒரு கிளினிக்கில் போன் எடுத்துப் பேசும் வேலை, தங்க ஒரு தோழி வீட்டு அறை.

"என் மேல கோபமா?" என்றாள் டாமியம்மா.

"கோபம் இருந்தா சண்டை போட்டுட்டு இங்கயே இருந்திருப்பேன் அண்ணி. பயமா இருக்கு. நாய்கிட்ட எனக்குப் பயம் வரும்னு நான் நெனச்சதே இல்ல."

பெட்டியைப் பஸ் நிறுத்தம் வரை டாமியம்மாவே தூக்கிப் போனாள்.

இப்போது கொல்லைப்புறத்தில் நாலு நாய்தான். அதற்கு மேல் யார் கெஞ்சினாலும், "நான் ஒருத்திதாங்க இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறாள். கேட்பவர்கள் அதைத் திமிர் என்கிறார்கள்.

லீவு நாட்களில் நாத்தனார் சில சமயம் வருகிறாள். முன்னறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள், இடது கையால். கிளினிக்குக்கு வருகிற வேடிக்கையான ஆட்களைப் பற்றிச் சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். அவள் கிளம்பும்வரை டாமியம்மா நாய்களுக்குச் சாப்பாடு வைக்க எழுந்திருப்பதில்லை.