இரண்டாவது மேடு

மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் அவருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'சந்தேகப் பிராணி'. எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்.

வேலையும் அப்படிப்பட்டதுதான். சில மருந்துகளின் மூலக்கூறு இடது செருப்பும் வலது செருப்பும் போல இரண்டு வடிவத்தில் இருக்கும். எடை ஒன்றுதான், ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒன்று மருந்து, மற்றது கெடுதல். முடிகூட நுழையாத துளையுள்ள கண்ணாடிக் குழாயில் சர்க்கரைப் பொருள் ஒன்றைக் கலந்த கரைசலை நிரப்பி, இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்து இரண்டையும் ஓடவிடுவார். ஒன்று சர்க்கரையோடு சற்று அதிகம் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். திரையில் இரண்டு மேடுகள் எழும்; இரண்டாவது, கெடுதலுடையது.

நடுக்க நோய்க்கான மாத்திரையில் அன்று இரண்டாவது மேடு அனுமதித்த அளவைவிட மயிரிழை கூடுதல். புதுக் குழாய் வெட்டி, அளக்கும் ஒளி புக ஓரிடத்தில் மேல்பூச்சை எரித்தெடுத்து, மறுபடி ஓட்டினார். அதே மேடு.

மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க சார். குறைஞ்சாலும் குறையும். கடைங்கள்ல ஸ்டாக்கே இல்ல."

அது அவருக்குத் தெரியாதா? அவர் மனைவி சாப்பிடுவதே அந்த மாத்திரைதான். வீட்டில் ஒன்பது நாளைக்குத்தான் இருந்தது.

"குறையாது சார்." நிராகரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அடுத்த தயாரிப்பு வர ஐந்து வாரம் ஆகும்.

ஒரு துளிக் கலப்பையும் விடாத மனிதர், வீட்டுக்குப் போய் வாய் கூசாமல் பொய் சொன்னார் பாருங்கள். "கடையில நாளைக்கு வந்துடும்னு சொன்னான்." மறுநாளும் அதே பாட்டு. மாத்திரை தீர்ந்த பிறகும் அதே பாட்டு.

மனைவி வாயாடி. "உங்க நாளைக்கு எந்தக் கிழமைங்க வரும்?" என்று சிரிப்பாள். ஆனாலும் நம்பினாள். இன்னும் ஒரு நாள்தானே என்று எல்லாவற்றையும் எப்போதும் போலத் தானே செய்தாள். பொய் தொடங்கிய பதினெட்டாம் நாள் காலையில் குளியலறைக்குத் தனியாகப் போனவளுக்கு, மாத்திரை இல்லாததால் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே சாய்ந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

புது மாத்திரை வந்ததும் அவரே சோதித்தார். இரண்டாவது மேடு இருந்த இடம் தெரியவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, நடந்ததை முதன்முறையாக ஒன்று விடாமல் சொன்னார். அவள் குரல் நூலாக இறங்கியிருந்தது.

"கெட்டத நிறுத்துனீங்க. அது சரி. அத வெளிய விட்டிருந்தீங்கன்னாதான் நான் கோவிச்சிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பேன்ல?"

அவள் அதற்கப்புறம் நடக்கவே இல்லை.