வெள்ளை வண்டிக்கு நீலம்

எங்கள் காரின் மேல் விரலை வைத்து இழுத்தால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டிக்கொள்ளும். அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டால் விபூதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். பதினைந்து வருட வெயிலும், பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டெதிரே நிற்கும் புங்கமரமும், போர்வெல் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அதை அந்தக் கதிக்குக் கொண்டுவந்திருந்தன. வாங்கும்போது பால் மாதிரி இருந்த வண்டி. இப்போது கூரையும் பானெட்டும் பழைய சுண்ணாம்புச் சுவர்.

கார் என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது நான். ரிட்டயர் ஆன பிறகு டிராஃபிக்கைப் பார்த்தாலே அவருக்குப் படபடப்பு வந்துவிடும். எனக்கு அந்த வண்டி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஈஜிபுராவில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்விட்டான், பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடமாக அவளுக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள் காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டிக்கொண்டு வரவேண்டும். முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டாள் என்று டொம்லூர் மேம்பாலத்துக்குக் கீழே எங்களை இறக்கிவிட்டுப் போனான் ஓர் ஆட்டோக்காரன். நல்லா இருக்கட்டும். அன்றிலிருந்து அவளை என் காரில்தான் கூட்டிப்போகிறேன்.

இந்த நிலையில் வண்டியின் பதிவு முடிகிற நாள் நெருங்கியது. புதுப்பிக்க வேண்டுமானால் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் நேரில் பார்ப்பார். அந்த வேலைக்குப் பிடித்த புரோக்கர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்ஜின் பரவால்ல மேடம். ஆனா பெயிண்ட் இப்படி வெளுத்துக் கெடந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "குஜரிக்குப் போட்டுடலாம்" என்றார். பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொடுப்பதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்வோம்.

"அப்போ அவளை எதுல கூட்டிட்டுப் போறது?"

"பொம்பளைங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே. இல்லேன்னா கேப் புக் பண்ணு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கையில் டியூப் குத்தின கட்டோடு, ஒரு சொட்டுத் தெம்பில்லாமல் வருகிறவளை ஃப்ரீ பஸ்ஸில் ஏற்ற வேண்டுமாம்! கேப்காரன் கிட்டத்துச் சவாரி என்று தெரிந்ததும் கேன்சல் பண்ணுவான் என்பது இந்தப் பெங்களூரில் யாருக்குத் தெரியாது? சாயங்காலம் போனில் என் மகனும் அதே பாட்டைப் பாடினான். "அம்மா, அந்த வண்டியைப் பாத்தாலே அசிங்கமா இருக்கும்மா. என் அபார்ட்மென்ட்டுக்கு அதுல வராதே."

"நானே வெள்ளையாக்கறேன்" என்றேன், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "முதல்ல ஆக்கு. அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம் பாக்கலாம்' என்ற வார்த்தையை நான் அன்றைக்கே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும்.

போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். அல்சூரில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போய் ஷாம்பூ, ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் எல்லாம் வாங்கி வந்தேன். பழைய வெள்ளையில் மேல்தோல் மட்டும்தான் வெயிலில் செத்துப்போகிறது, அடியில் நல்ல பெயிண்ட் உயிரோடு இருக்கிறது என்று புரிந்தது. செத்ததை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். அதிகமாகத் தேய்த்தால் உயிரோடு இருப்பதும் போய்விடும். முதலில் தூசி, மண் ஒன்றும் இல்லாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கும்போது அந்த மண்ணே கீறிவிடும். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வட்டவட்டமாக உப்புக் கறை விழும் என்பதால், குழாயில் காவேரித் தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்திருந்து இரண்டு பக்கெட் தனியாகப் பிடித்து வைத்தேன்.

ஷாம்பூ போட்டுக் கழுவியாயிற்று. கடைசியாக அலசுவதற்கு முன்னால் பழைய பனியன் துணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால், என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைமேல் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒத்தாசை செய்கிறாரே என்று ஒரு நொடி மனது குளிர்ந்தது. அடுத்த நொடி பார்க்கிறேன், தண்ணீர் நீலமாக வழிகிறது.

சொட்டு நீலம்! துணிக்குப் போடுகிற பாட்டிலைப் பாதிக்கு மேல் பக்கெட்டில் கொட்டியிருக்கிறார்.

"ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஏன் கத்தறே? என் வெள்ளைச் சட்டை மஞ்சளா ஆனா நீ போடறல்ல? அதுமாதிரிதானே இதுவும்."

முப்பது வருடமாக அந்தச் சட்டைகளுக்கு நான் நீலம் போடுகிறேன். ஒரு பக்கெட் தண்ணீருக்கு எத்தனை சொட்டு என்று ஒருநாள் எட்டிப் பார்த்ததுண்டா இந்த மனிதர்? துவைத்ததை எடுத்து மாட்டிக்கொள்ளத்தான் தெரியும். மாவாகிப்போன பெயிண்ட் தண்ணீரை அப்படியே குடிக்கும். கூரையிலிருந்து கதவு வரைக்கும் கோடு கோடாக நீலம் இறங்கி ஊறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பால் வாங்கிக்கொண்டு போகும்போது நின்று, "என்ன ஆன்ட்டி, கிருஷ்ணர் வேஷமா காருக்கு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கெட்டை எட்டி உதைத்தேன். அது தெருமுனை வரைக்கும் உருண்டது. அன்று மதியம் தங்கையைக் கூட்டிவர அதே நீலக்கோட்டு வண்டியில்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசல் செக்யூரிட்டி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்புறம் எல்லாவற்றையும் நானே செய்தேன். அவரை வண்டிப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் எழுந்து, பானெட்டில் பாதி, கதவில் ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டுத் துணியில் காம்பவுண்டைத் தொட்டு வட்டமாகத் தேய்ப்பேன். துணி முதலில் நீலமாகும், பிறகு வெள்ளையாகும். நல்ல வேளை, நீலம் அந்தச் செத்த மாவில்தான் ஏறியிருந்தது. மாவு போனால் அதுவும் போயிற்று. தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. வலிக்க வலிக்க, குஜரி என்று சொன்ன வாயை நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பாலிஷும் வாக்ஸும் போட்டு முடித்த அன்று புங்கமரத்து இலை ஒவ்வொன்றும் பானெட்டில் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது. பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவு புதுப்பித்தாயிற்று. இனி ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று தங்கையிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், தங்கையைக் கூட்டிவரக் கிளம்புகிற நேரம். சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஓர் இளைஞன் காரைச் சுற்றி வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் என் வீட்டுக்காரர், பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"சக்கத்தா இருக்கு அங்கிள் பெயிண்ட்! யார் பண்ணது?"

"நாங்கதான் வீட்லயே பண்ணோம்" என்றார்.

நாங்களாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

"யாருங்க இது?" என்றேன்.

"வண்டி பாக்க வந்திருக்கார். நம்ம பையன்தான் விக்கறதுக்கு நெட்ல போட்டான். இப்போ நல்லா பளபளன்னு இருக்கு, ரெனியூவலும் ஆயிடுச்சு. இதைவிட நல்ல நேரம் வராது."

நான் தோள் கழலத் தேய்க்கும்போதே அப்பாவும் மகனும் பேசி வைத்திருக்கிறார்கள்! இவர் நீலம் கொட்டினதுகூட ஒத்தாசை இல்லை. வண்டி சீக்கிரம் வெள்ளையானால் சீக்கிரம் விற்கலாம் என்ற அவசரம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"இது விக்கிறதுக்கில்ல" என்றேன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா, நீங்க பாருங்க சார். ஆர்.சி. என் பேர்லதான் இருக்கு."

தெரு நடுவே, முன்பின் தெரியாத பையன் முன்னால் அதைச் சொன்னார். அங்கேயே நின்று கத்தியிருப்பேன். ஆனால் மணி ஆகிவிட்டது, அங்கே அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பையனைப் பார்த்து, "டிரயல் பாக்கணுமில்ல? ஏறுப்பா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட வந்து பாத்துக்கோ" என்றேன். அவன் என் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

வழியில் கியர் நன்றாக விழுகிறது என்று அவன் ஒருமுறை சொன்னான்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் அவனே இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விட்டான். தங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தேன். சீட்டைச் சாய்த்து, கதவுப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"யாருக்கா இது?"

"வண்டி வாங்க வந்திருக்கான்."

"நம்ம வண்டியையா?"

நான் வண்டியைக் கிளப்பினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, கண்ணை மூடியபடியே சொன்னாள்: "பரவால்லக்கா. மாமாகிட்ட சண்டை போடாதே. நான் ஆட்டோல போய்க்கறேன்."

ரோடு எனக்குக் கலங்கித் தெரிந்தது. அவள் மேலும் கோபம் வந்தது, எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்பாள். கொஞ்ச நேரத்தில் கவரைத் தூக்கி வாந்தி எடுத்தாள். பின்னாலிருந்து அந்தப் பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

ஈஜிபுராவில் அவளை வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு வந்தேன். அவன் காரில் ஏறாமல் வெளியிலேயே நின்றிருந்தான்.

"எனக்குப் பேடா, வேணாம் ஆன்ட்டி" என்றான் கன்னடம் கலந்து. "வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் வேற பாத்துக்கறேன். இங்கேருந்தே பஸ் இருக்கு, நான் போய்க்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது என் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, இன்னும் கூடிவிட்டது. வாசலிலேயே காத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

"என்ன சொன்னான்? பிடிச்சிருக்காமா?"

"பிடிச்சிருக்காம். ஆனா வேணாமாம்."

"ஏன்? நீ என்ன சொன்னே அவன்கிட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லல. என் தங்கச்சியைப் பாத்தான்."

"பாத்தா?"

"அரைமணி நேரம்தான் பாத்தான். நீங்க ரெண்டு வருஷமா பாக்கறீங்க."