விளக்கு அணைந்ததும் பிடுங்கினேன்

சுகன்யாவின் குரலை அழித்தவன் நான். அந்தப் பழியை அவளைப் பெற்றவள் மேல் போட்டவனும் நான்தான்.

உங்களிடம் சொல்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லத் துணிவில்லை...

சரோஜா அத்தை மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் என் அம்மாவோடு வேலை செய்பவர். அவர் மகள் சுகன்யா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் காய்ச்சலில் போய்விட்டாள். பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் அவள் எடுத்து வைத்த வீடியோக்கள் இருந்தன. பாடுவாள், அம்மா திட்டுவதைப் போலவே திட்டிக் காட்டுவாள்.

"அதையெல்லாம் ஒரு டிஸ்க்ல போட்டுக் குடுப்பா. லேப்டாப்பத் தொடச்சிடு, சின்னவன் படிக்கட்டும்" என்று ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கே வந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அந்த நம்பிக்கை!

பாதியில் கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. அப்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வெளியே செருகிய டிஸ்கைக் கணினி தூங்க வைக்கும். எழுத வேண்டியதைத் தன்னிடமே தேக்கி வைத்து, பிறகு எழுப்பி எழுதும். கழற்றுமுன் கணினியிடம் சொன்னால், மிச்சத்தை எழுதிவிட்டு அதுவே விடுவிக்கும். எனக்குத் தெரியாதா? தெரியும்!

முடிந்தது என்றது திரை. டிஸ்கின் விளக்கும் அணைந்தது. வாசலில் நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள். "டேய் இன்ஜினியரு, வர்றியா, நாங்க கெளம்பவா?"

பிடுங்கினேன். டிஸ்கைத் திறந்துகூடப் பார்க்காமல், லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் துடைத்து அழித்தேன்.

அடுத்த வாரம் அத்தை வந்தார், கூடவே அம்மாவும். டிஸ்க் திறக்கவில்லை. என்னென்னவோ செய்தேன். துண்டு துண்டாய் ஏதேதோ வந்தது. ஒன்றிலும் அவள் இல்லை. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

"எம்புள்ள கைய வெச்சா வராமப் போயிடுமா? சும்மா இரு சரோஜா" என்றாள் அம்மா.

அத்தை மெல்லக் கேட்டார். "அன்னிக்குப் பஸ்ல கூட்டம் தம்பி... டிஸ்க் இருந்த பை நழுவிக் கீழ விழுந்துடுச்சு. அதனாலயா?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா அத்தை. அதனாலதான்."

அவர் அழவில்லை. தன் கையையே பார்த்தபடி நின்றார்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? இல்லை... அம்மாவின் எதிரே தப்புச் செய்தவனாக நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்! இவ்வளவு அற்பனா நான்?

போன மாதம் அத்தை கடைப்பக்கம் வந்தார். சின்னவன் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த போன் தயாராய் இருந்தது. நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீயே அவன்கிட்ட குடுத்துடு தம்பி. எம்பொண்ணையே கீழ போட்டவ நான்."

சொல்லிவிட வாயைத் திறந்தேன்...

"டீ சொல்லட்டுமா அத்தை?" என்றுதான் வந்தது.

வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நடந்தார்.