அண்ணி ஏறி வந்த பாறை

ஏழாவது குகையின் வாயில் கரித்துண்டால் ஒரு சரிக்குறி போட்டுவிட்டு எட்டாவதை நோக்கி நடந்தேன். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தக் கோணல் குறி கண்ணில் நிற்கிறது. உள்ளே யாரும் இல்லை என்று சான்றளிக்கும் குறி அது. அப்போது நான் துணைத் தாசில்தார். சான்றளிப்பது என் தொழில். காணாமல் போயிருந்தவள் என் ஐந்து வயது மகள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. திண்டிவனத்தில் குடியிருந்தோம். கோலியனூரிலிருந்து என் அண்ணி வந்திருந்தார். குகை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் செஞ்சி பஸ் பிடித்து, வழியில் இறங்கி, புதர்க்காட்டுக்குள் ஒரு மைல் நடந்து அந்தப் பாறைக்குன்றை அடைந்தோம். கோவில் குகைகள் அல்ல. யானை யானையாய்க் கிடக்கும் பாறைகளுக்கு இடையே உள்ள பொந்துகள். சில நாலடியில் முடியும். சில எங்கே முடியும் என்று ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரியாது. ஏறுவதற்கு முன் விதிகளைப் படித்துக் காட்டினேன்: கைகோத்தே நடக்க வேண்டும், அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது, இன்ன பிற. "கலெக்டரு வந்தாக்கூட இத்தினி சட்டம் பேச மாட்டாரு" என்று அண்ணி என் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. மூட்டுவலிக்காரரான அவரைச் சோற்று மூட்டையோடு அடிவாரத்துப் புங்கமரத்தடியில் உட்கார வைத்தேன். இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கான விதி.

என் விதிகளில் கண்ணாமூச்சி பற்றி எதுவும் இல்லை. பிள்ளைகள் அதைத்தான் ஆடினார்கள். வௌவால் ஒன்று முகத்தில் உரச, எட்டு வயது மகன் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். தங்கை எங்கே ஒளிந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மனைவி பாறைக்குப் பாறை ஓடி அழுதாள். பதறினால் தேடிய இடத்தையே தேடுவோம் என்று கடிந்து, மகனைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்கச் சொன்னேன். ஆடு மேய்ப்பவர்கள் மூட்டிய அடுப்பில் ஒரு கரித்துண்டு கிடைத்தது. ஒவ்வொரு வாயிலிலும் டார்ச் அடிப்பேன், பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுவேன், பத்து வரை எண்ணுவேன், பதில் இல்லையென்றால் கரிக்குறி. எண்ணும்போது என் குரலே உள்ளே மோதித் திரும்பி வரும். அதற்குப் பிறகான மௌனத்தில், பாறையிடுக்கில் சிக்கிய ஒரு சின்னக் கால் என் கண்ணுக்குள் தெரியும், பாம்பு தெரியும். காணாமல் போன குழந்தைக்கான மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு நகரும், எங்கே தூங்கும் என்பதும் தெரியும். அதையெல்லாம் அறியாத தகப்பன்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பதினொன்றாவது பொந்தில் டார்ச் மங்கத் தொடங்கியது. கீழே பார்த்தேன். எங்கள் கூச்சல் கேட்டு, அண்ணி பாறையில் கையை ஊன்றி, தவழ்வது போல ஏறிக்கொண்டிருந்தார். மேலே வந்ததும் மூச்சு வாங்கியபடி, எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று கேட்டார். குகைக்கு ஒரு தடவை என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வாட்டி கூப்புட்டு நீங்க பாட்டுக்கு போய்க்கினே இருந்தா கொழந்த எப்பிடி ஏன்னு கேக்கும்? காட்டுல முனிதான் ஒரு வாட்டி கூப்புடும். மூணு வாட்டி கூப்புட்டாத்தான் வாய தொறக்கணும்னு பஸ்ல நான்தான் சொல்லி வச்சேன்."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் முதல் குகைக்குப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் மும்மூன்று தடவை கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஏழாவதில், என் கரிக்குறிக்கு நேர் கீழே குனிந்து மூன்றாவது தடவை கூப்பிட்டதும், உள்ளேயிருந்து மெல்ல, "ஏன் பெரியம்மா?" என்று கேட்டது.

டார்ச் வெளிச்சம் எட்டாத வளைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தவள் அழவில்லை. "அப்பா குரல்ல முனி வந்துச்சு. ஒரு வாட்டிதான் கூப்புட்டுச்சு. அப்புறம் போய்டுச்சு" என்றாள்.

அண்ணியைக் குற்றம் சொல்ல என்னிடம் வாசகங்கள் தயாராகத்தான் இருந்தன. "நான் சொன்னது தப்புதான் தம்பி" என்று அவரே முந்திக்கொண்டார். "ஆனா பெத்த பொண்ண இன்னும் ரெண்டு வாட்டி கூப்புட்டிருக்கலாம்ல." திரும்பும்போது பஸ்ஸில் மகள் அவர் மடியில் தூங்கினாள். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணியின் விதி எங்கள் அலுவலகத்திலும் உண்டு. பட்டா விசாரணைக்கு வராதவர் பெயரை வாசலில் மூன்று முறை கூப்பிட்ட பிறகே வரவில்லை என்று எழுத வேண்டும். பியூன் ஒரு முறை கூப்பிடுவார். 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

அண்ணி இப்போது இல்லை. அவரிடம் இதை நான் சொன்னதும் இல்லை. அந்தப் பயணத்துக்கு அடுத்த விசாரணை நாளில், பியூன் ஒரு பெயரை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு வழக்கம்போல உள்ளே வந்தார். இன்னும் இரண்டு தடவை கூப்பிடச் சொன்னேன். "வெளிய யாருமே இல்ல சார்" என்றார். பரவாயில்லை, கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார். யாரும் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, நானே எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.